மார்கரெட் கடையில் ஐந்து இரவுகள்

வெள்ளவத்தை, கொழும்பு
20 ஓகஸ்ட் 1975

அன்புள்ள இரஞ்சிதத்துக்கு,

என் கையெழுத்தைக் கண்டதும் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று பயப்படாதே. அம்மா ஊரில் சுகமாக இருக்கிறா. நாங்களும் சுகம். நீ போய் எட்டு வருடமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதுகிறேன். அதற்குக் காரணம் சொல்ல இந்த நீல விமானத்தபால் தாளில் இடம் போதாது.

ஒக்டோபர் பதின்மூன்றாம் திகதியிலிருந்து ஐந்து நாட்கள் மெல்பேணில் அணைக்கட்டு எஞ்சினியர்களின் மகாநாடு. எங்கள் நீர்ப்பாசனப் பகுதியிலிருந்து என்னையும் இந்திரகுமாரையும் அனுப்புகிறார்கள். இந்திரகுமாரை உனக்கு ஞாபகம் இருக்கும், எங்கள் ஊர்த் தபால் மாஸ்டரின் மூத்த மகன். டிக்கட்டும் ஹோட்டலும் கொழும்புத் திட்ட உதவிப் பணத்தில் கிடைக்கின்றன. கையில் கொண்டுவர அரசாங்கம் விடுகிற காசைச் சொன்னால் சிரிப்பாய்.

பகலில் மகாநாட்டிலேயே பாணும் சீஸும் தருவார்களாம். இரவுச் சாப்பாடுதான் யோசனை. நான் இன்னமும் சுத்த சைவம். ஹோட்டல் நகரத்தின் நடுவில், கொலின்ஸ் வீதியில். கார் இல்லாத ஒருவன் நடந்துபோய் மரக்கறிச் சாப்பாடு சாப்பிட அங்கே இடம் உண்டா? மாலைகளில் பார்ப்பதற்கு ஏதும் உண்டா? அந்த ஊரில் எனக்கு வேறு ஒருவரையும் தெரியாது.

இப்படிக்கு,
அண்ணன் கணேசலிங்கம்


பிரன்ஸ்விக், மெல்பேண்
3 செப்டெம்பர் 1975

என் அன்பு அண்ணாவுக்கு,

கடிதத்தைப் பிரிக்காமலே ஒரு தேத்தண்ணி குடித்து முடித்தேன். அவ்வளவு பயம். பிரித்துப் பார்த்தால் சாப்பாட்டுக் கடை விசாரிக்கிறீர்கள்! எட்டு வருடம் பேசாமல் இருந்த வாய், பசி வந்ததும் திறந்துவிட்டது. பகிடிக்குத்தான் எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். வாசித்துவிட்டு அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கடை எதற்கு அண்ணா? உங்கள் ஹோட்டல் மூலையில் ட்ராம் ஏறினால் அரை மணித்தியாலத்தில் எங்கள் வீட்டு வாசல். கார் தேவையே இல்லை. என் கணவர் ட்ரெவர் ஓட்டுவதே அந்த ட்ராம்தான், சொன்னால் வாசலிலேயே இறக்கிவிடுவார். நான் பறங்கியைக் கட்டியதால் அடுப்பும் பறங்கி ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். குசினிக்குள் மாட்டிறைச்சி வருவதில்லை. ஆசை வந்தால் அவர் வெளியே சாப்பிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வருவார், பாவம்.

விமலாவுக்கு ஆறு வயது. தமிழில் எல்லாம் விளங்கும், பதில் இங்கிலிஸில் வரும். மாமா வருகிறார் என்றதும், "இஸ் ஹி ரியல்?" என்று கேட்டாள். அவளுக்கு என் பக்கத்து ஆட்கள் எல்லாரும் கதையில் வருகிறவர்கள்தான்.

ஒரு இரவு வாருங்கள். ஒன்றே ஒன்று.

உங்கள் தங்கச்சி
இரஞ்சிதம்


வெள்ளவத்தை
17 செப்டெம்பர் 1975

அன்புள்ள இரஞ்சிதத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகளுக்கு என் ஆசி.

ஒளிக்காமல் எழுதுகிறேன். அப்பா கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது உனக்கும் தெரியும். அவளின் வீட்டில் என் பிள்ளைகள் ஒருவரும் கை நனைக்கக்கூடாது என்றார். நான் ஓம் என்றேன். செத்தவருக்குச் சொன்ன ஓமை யாரிடம் போய் இல்லை என்பது?

இன்னொன்றும் உண்டு. என் மகள் சந்திரவதனாவுக்கு இருபது முடிந்துவிட்டது. இந்திரகுமாரின் தம்பிக்குப் பேசுகிறோம். ஒரு வீட்டில் கை நனைத்தால் உறவை ஏற்றுக்கொண்டதாகத்தானே ஊர் எடுக்கும். நான் உன் வீட்டுக்கு வந்தால் விமானம் திரும்பி இறங்க முன்னரே எங்கள் ஊர் சண்டிலிப்பாயில் கதை போய்ச் சேர்ந்துவிடும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா?

அதனால் ஒரு கடை சொல். காசு கொடுத்துச் சாப்பிடுகிற இடமாக இருக்கட்டும். காசு கொடுத்தால் அங்கே உறவு ஒன்றும் இல்லை.

அன்புடன்,
அண்ணன்


பிரன்ஸ்விக்
28 செப்டெம்பர் 1975

அன்புள்ள அண்ணா,

சரி. நீங்கள் கேட்டது கார் இல்லாதவனுக்கு வழி. அதையே சொல்கிறேன்.

ஐந்தரை மணிக்குக் கடைகளைப் பூட்டியதும் இந்த நகரம் செத்துவிடும். வெள்ளைக்காரர் எல்லாரும் ரயில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்கள். நடுவீதியில் பாய் விரித்துப் படுக்கலாம். மகாநாட்டுக்கு வருகிறவர்கள் ஹோட்டல் கதிரையில் இருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதாக ட்ரெவர் சொல்வார், இல்லாவிட்டால் பியர்க் கடை. உங்களுக்கு இரண்டும் சரிவராது. ஸ்வான்ஸ்டன் வீதியால் ஆற்றுப் பக்கம் நடங்கள். பாலம் தாண்டினால் பெரிய கலைக்கூடம். அதன் வாசலில் ஒரு கண்ணாடிச் சுவர், மேலிருந்து கீழே தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். நீர்ப்பாசனக்காரர் அதைப் பார்க்காமல் போகக்கூடாது. வடக்கே நடந்தால் பெரிய நூல்நிலையம். வட்டக் கூரையின் கீழே இருந்து வாசிக்கலாம். சூடும் உண்டு, காசும் கேட்க மாட்டார்கள். ஒக்டோபர் வசந்தகாலம் என்று புத்தகத்தில் எழுதியிருப்பதை நம்பாமல் சுவெற்றர் கொண்டுவாருங்கள்.

சாப்பாட்டுக்கு, உங்கள் ஹோட்டலுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. அதில் படி இறங்கினால் மார்கரெட் என்பவளின் சிறிய மரக்கறிக் கடை. பினாங்குத் தமிழ்ப் பெண், கிறிஸ்தவள். மீன்கூட உள்ளே வராது. யோகாசனம் பழகுகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள்தான் அங்கே கூட்டம். சோறும் உண்டு. காசு கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும், பயப்படாதீர்கள்.

வியாழன் மாலை ஆறு மணிக்கு அந்தத் தண்ணீர்ச் சுவரின் முன்னால் நிற்பேன். அது வீடு இல்லை. அங்கே சாப்பாடும் இல்லை.

இரஞ்சிதம்


கொலின்ஸ் வீதி ஹோட்டல்
15 ஒக்டோபர் 1975, புதன்

அன்புள்ள இரஞ்சிதத்துக்கு,

நாளைக் காலை உனக்குக் கிடைக்கட்டும் என்று இதை இங்கேயே தபாலில் போடுகிறேன்.

நீ சொன்ன கடை அருமை. திங்கள், செவ்வாய், இன்று, மூன்று இரவும் அங்கேதான். முதல் நாள் வேறு கடைக்குப் போவோம் என்று முகம் சுளித்த இந்திரகுமார், இப்போது எனக்கு முன்னால் படி இறங்குகிறான். கொழும்பில் பாணுக்கு வரிசையில் நிற்கிறோம், செத்தல் மிளகாய் விற்கிற விலைக்கு அதை மணந்து பார்க்கத்தான் முடியும். இங்கே பருப்பும் உறைப்பாக ஒரு கிழங்குக் கறியும் கண்டதும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குந்தான். சமைப்பது யார் என்று மார்கரெட்டிடம் கேட்டேன். "உள்ள ஒரு அக்கா இருக்காங்க" என்றாள்.

வியாழன் நான் வர முடியாது. இந்திரகுமார் நிழல்போலக் கூடவே வருகிறான். அவனை எங்கே விடுவது? நீ அந்தக் குளிரில் போய் நிற்காதே.

சனி காலை விமானம்.

அண்ணன்


பிரன்ஸ்விக்
19 ஒக்டோபர் 1975

அன்புள்ள அண்ணா,

இப்போது வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

உள்ளே இருந்த அக்கா நான்தான். மார்கரெட்டின் கடையில் நான்கு வருடமாகச் சமைக்கிறேன். அதை எழுதினால் வர மாட்டீர்கள் என்று எழுதவில்லை. உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை. அப்பாவுக்குச் சொன்ன வாக்கும் நிற்கட்டும், அண்ணா என் சோறும் தின்னட்டும், இரண்டுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன் என்று என் கெட்டித்தனத்தில் எனக்கே ஒரு பெருமை. சாப்பாடு எடுத்துக் கொடுக்கிற ஜன்னலால் ஐந்து இரவும் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது உங்களுக்கு. இன்னமும் சோற்றைக் குழைத்து ஓரமாக ஒதுக்கிவிட்டுத்தான் தொடங்குகிறீர்கள்.

முதல் இரவு அதுவே போதும் என்றிருந்தது. மூன்றாம் இரவு போதவில்லை. வியாழன் நீங்கள் வர மாட்டீர்கள் என்று காலையிலேயே தெரியும். என்றாலும் விமலாவைக் கூட்டிக்கொண்டு போய் அந்தத் தண்ணீர்ச் சுவரின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் கடைக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை நீங்கள் வெங்காயம், உள்ளிப்பூண்டு தொட மாட்டீர்கள். உங்கள் சோற்றுக் கோப்பைக்கு மட்டும் தனியாகச் சமைத்தேன். முதல் வாய் வைத்ததும் நிறுத்தினீர்கள். கறியைக் கிண்டிப் பார்த்தீர்கள். இந்திரகுமாரின் கோப்பையில் வெங்காயம் கிடப்பதைப் பார்த்தீர்கள். பிறகு குசினிக் கதவைப் பார்த்தீர்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் தலையைக் குனிந்து, ஒரு பருக்கை மிச்சம் விடாமல் சாப்பிட்டீர்கள்.

மார்கரெட்டைப் பிடித்து அனுப்பினேன். அவள் வந்து, "அண்ணே, இன்னிக்குக் காசு வேணாங்க. சமைச்சவங்க சொல்லிட்டாங்க" என்றாள். இந்திரகுமார், "என்ன மச்சான், ஓசிச் சாப்பாடோ?" என்று சிரித்தான். நீங்கள் ஐந்து டொலர் தாளை எடுத்து, தண்ணீர்க் கிளாசின் கீழே வைத்துவிட்டுப் படி ஏறிவிட்டீர்கள். மிச்சக் காசுக்கும் நிற்கவில்லை.

அவனுக்கு முன்னால் என்னைத் தங்கச்சி என்று சொல்ல வரவில்லை, சரி. அந்தக் காசை வைக்காமல் போயிருக்கலாம். காசு கொடுத்தால் உறவு இல்லை என்று நீங்கள்தானே எழுதினீர்கள்.

வேறு ஒன்றும் கேட்கவில்லை. தெரிந்துதான் சாப்பிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

இரஞ்சிதம்


சண்டிலிப்பாய்
16 ஜனவரி 1976

அன்புள்ள தங்கச்சிக்கு,

அம்மா தைப்பொங்கலுக்கு மூன்று நாள் முன்னம் போய்விட்டா. நெஞ்சுச் சளி. தந்தி அடிக்கவில்லை. அடித்தாலும் உன்னால் வர முடியுமோ என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அப்பாவின் செய்தியும் உனக்குப் பிந்தித்தான் வந்தது. இதுவும் அப்படியே ஆகிவிட்டது.

உன் கடிதத்துக்கு இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். ஓம், தெரிந்துதான் சாப்பிட்டேன். அன்று வெள்ளிக்கிழமை என்பதை நானே மறந்திருந்தேன். உன் கறியைத் தின்றபோதுதான் நாளும் தெரிந்தது, ஆளும் தெரிந்தது. அந்தக் காசை ஏன் வைத்தேன் என்று இன்னமும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்திரகுமார் சிரித்தான், கை தானாகப் போயிற்று.

கார்த்திகையில் அம்மாவைப் பார்க்க வந்தேன். இந்திரகுமாரின் தாயும் அன்று வந்து கதிரையில் இருந்தா. அம்மா எல்லாருக்கும் முன்னால் கேட்டா.

"பிள்ளையைக் கண்டனியோ?"

"இல்லையணை அம்மா" என்றேன்.

"அவளின்ரை கையாலை ஒரு வாய் எண்டாலும் திண்டனியோ?"

"இல்லை" என்றேன்.

அம்மா என்னை வெகுநேரம் பார்த்தா. "அவ்வளவு தூரம் போயிட்டு, பட்டினியாத் திரும்பி வந்திருக்கிறாய்" என்றா. அதற்குப் பிறகு என்னோடு அதிகம் பேசவில்லை.

அப்பா கேட்ட வாக்கு அம்மாவுக்கும் சேர்த்துத்தான் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ஒரு நாளும் அவவிடம் கேட்கவில்லை. ஐந்து இரவு தின்றவன், அவ கேட்ட ஒரே ஒரு ஓமைச் சொல்லவில்லை. நீ வேண்டியமட்டும் என்னைத் திட்டு.

சந்திரவதனாவின் கலியாணம் சாவுத் துடக்கினால் ஒரு வருடம் தள்ளிப் போய்விட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி பெப்ரவரி பத்தாம் திகதி அளவில் வரும்.

அண்ணன்


பிரன்ஸ்விக்
27 ஜனவரி 1976

அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ட்ரெவர் அன்று ட்ராம் எடுக்கவில்லை, வீட்டில் என்னோடு இருந்தார். விமலா, "அம்மம்மா ரியலா இருந்தவவோ?" என்று கேட்டாள். அவள் தமிழில் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

உங்களைத் திட்ட என்னிடம் சத்தம் இல்லை. என் கையால் நீங்கள் சாப்பிட்டீர்கள் என்று தெரிந்திருந்தால் அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பா. அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. நானே அம்மாவுக்கு எழுதியிருக்கலாம். உங்கள் பிள்ளையின் கலியாணத்துக்குப் பயந்து, நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

இந்தக் கடிதத்துக்குள் ஒரு ஐந்து டொலர் தாள் இருக்கிறது. நீங்கள் கிளாசின் கீழே வைத்த அதே தாள். மார்கரெட் அதைப் பெட்டியில் போடாமல் என் கையில் தந்தாள். எனக்கும் செலவழிக்க மனம் வரவில்லை, மாவு டின்னுக்குள் கிடந்தது. வெளிநாட்டுக் காசு வைத்திருந்தால் அங்கே பிடிப்பார்கள் என்று பயமாக இருந்தால் அந்தியேட்டி அன்று அடுப்பில் போட்டுவிடுங்கள். அம்மாவுக்குப் படைக்கும்போது மெதுவாக என்றாலும் சொல்லுங்கள், தின்றேன் என்று.

காசைத் திருப்பித் தந்துவிட்டேன். இனி நீங்கள் கடையில் சாப்பிட்டவர் இல்லை அண்ணா, என் கையால் சாப்பிட்டவர்.

பதில் எழுத வேண்டாம். அந்தத் தாள் மறுபடியும் எனக்கே திரும்பி வந்தால் நான் உடைந்துபோவேன்.

தங்கச்சி
இரஞ்சிதம்