எலுமிச்சம்பழம் நசுங்காத ஆயுத பூஜை

அன்பு மகள் ஷர்மிளாவுக்கு, செம்பூரிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், காரும் சுகம். எடின்பரோ மழையிலும் குளிரிலும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். தினமும்தான் போனில் பேசுகிறோமே, இது என்ன புதிதாகக் கடிதம் என்று கேட்பாய். போனை அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், பாதிப் பேச்சை அவரே பேசிவிடுகிறார், எனக்கு அவர் எதிரில் சொல்ல வராத விஷயம் ஒன்று இருக்கிறது. தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். வாய்விட்டுப் படி, நான் பேசுவது போலவே கேட்கும்.

விஷயம் இதுதான். போன மாதம் நீ அப்பாவிடம், அந்த டப்பாவை விற்றுவிடுங்கள், நான் புதிதாக ஆட்டோமேட்டிக் வாங்கித் தருகிறேன் என்று சொன்னாய். ஆசையாகச் சொன்னாய், எனக்கும் கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் புதுக் கார் வந்தால் அதில் எனக்கு என்ன வேலை இருக்கும் என்று யோசித்துப் பார். கீறல் விழுந்துவிடும் என்று அப்பா என்னைக் கதவைக்கூடத் திறக்க விடமாட்டார். நீ டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டு, நான் லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது, இன்றுவரை ஞாயிற்றுக்கிழமை காம்பவுண்டுக்குள் நான்கு சுற்று, அதற்கே அவர் வாட்ச்மேனைத் தள்ளி நிற்கச் சொல்வார். எனக்குப் பழகிய வண்டி இது ஒன்றுதான். அதையும் விற்றுவிட்டால் என் லைசென்ஸ் பீரோவில் கிடக்க வேண்டியதுதான். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. எதைத்தான் நேரே சொல்லியிருக்கிறேன்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், சிரிக்காதே. உங்கள் ஆச்சி வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், கையில் கிடைக்கும் காகிதத்தையெல்லாம் படிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. டாஷ்போர்டு பெட்டிக்குள் இருபத்தைந்து வருடமாக யாரும் பிரிக்காமல் கிடந்த புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டேன். இஞ்சின் எழுநூற்றுத் தொண்ணூற்றாறு சிசி, மூன்றே சிலிண்டர், முப்பத்தேழு குதிரைச் சக்தி. ஆறுமுகத்தாய் அத்தை ஏறினால் அதில் ஏழு குதிரை இறங்கிப் போய்விடும் என்று அப்பா தன் அக்காவைக் கேலி செய்வார். சிலிண்டர் மூன்று என்பதால்தான் வண்டி நின்றபடி இஞ்சின் மட்டும் ஓடும்போது அப்படி நடுங்குகிறது, அது நோயில்லை, பிறவிக் குணம். மழைக்காலத்துக் காலையில் சோக்கை இழுத்தால்தான் உயிர் வரும், இழுத்ததை உள்ளே தள்ள மறந்தால் பெட்ரோல் நாற்றம் அடித்து மூச்சு முட்டும். கார்ப்பரேட்டரில் தூசி சேர்ந்தால் சிக்னலில் நிற்கும்போது அணைந்துவிடும். வெயிலில் டிராஃபிக்கில் மாட்டினால் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறும். மே மாதம் பிச்சை சித்தப்பா குடும்பத்தோடு சான்பாடா கல்யாணத்துக்குப் போனபோது மான்குர்த் தாண்டுவதற்குள் முள் ஏறிவிட்டது. குர்லாவில் நம் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் சைஃபுக்குப் போன் செய்தால், ஹீட்டரை முழுசாகப் போடுங்கள், இஞ்சின் சூடு உள்ளே வந்துவிடும் என்றான். இஞ்சின் பிழைத்தது. மே மாத வெயிலில் ஹீட்டர் காற்று வாங்கிக்கொண்டு மண்டபத்தில் போய் இறங்கினோம். பெண் வீட்டார் சித்தியைப் பார்த்து, வழியில் மழையா என்று கேட்டார்கள்.

இப்போது ஆயுத பூஜைக் கதைக்கு வருகிறேன். மாஹிமிலிருந்து கிருஷ்ணா என்று ஒருவர் மறுநாள் விஜயதசமியன்று காலையில் வண்டியைப் பார்க்க வருவதாக அப்பா ஏற்பாடு செய்துவிட்டார். கடைசிப் பூஜை, குறைவில்லாமல் செய்வோம் என்று பாண்டுப்பிலிருந்து அத்தையையும் வரவழைத்தார். அத்தை செய்தால் எதிலும் குறை இருக்காதே. பானெட்டைத் திறக்கச் சொல்லி இஞ்சினுக்கே சந்தனம் வைத்தாள், பிறகு மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள், தெளித்தது போதாதென்று மீதிச் செம்பையும் அப்படியே ஊற்றிவிட்டாள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, அப்பா ஏறிச் சாவியைத் திருகினார். கர் கர் என்று சுற்றுகிறதே தவிர பிடிக்கவில்லை. சோக்கை இழுத்தார், இன்னும் இழுத்தார், பெட்ரோல் நாற்றம்தான் வந்தது. பில்டிங் பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை. அத்தை, "ஏல கணேசா, விக்கப் போறம்னு அதுக்குத் தெரிஞ்சுட்டு. வாயில்லாச் சீவன்லா, கோவிச்சுக்கிட்டு நிக்கி" என்றாள். அப்பாவுக்குக் கோபம், "கோவிக்கட்டும். நாளைக்கு அந்த ஆளு முன்னால ஸ்டார்ட் ஆவலைன்னா நேரே பங்கார்க்காரன்கிட்ட பழைய இரும்பா எடைக்குப் போட்டுருவேன்" என்றார். சைஃப் ஊரில் ஒரு நிக்காவுக்குப் போயிருந்தான், போன் கிடைக்கவில்லை. அத்தை சாவியை வாங்கிப் பூஜையில் வைத்துவிட்டாள். வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது, உனக்குத் தெரியும். நான்கு எலுமிச்சம்பழமும் சக்கரத்தடியில் முழுசாக உட்கார்ந்திருந்தன, போகிறவர் வருகிறவர் எல்லாம் அவற்றைத்தான் பார்த்தார்கள்.

எனக்குக் காரணம் அப்போதே தெரிந்துவிட்டது. இஞ்சின் ஓரத்தில் கறுப்பாக ஒரு மூடி இருக்கும், அதிலிருந்து மூன்று பிளக்குக்கும் வயர் போகும். முதல் மழைக்கு வண்டி நின்றுபோகும் போதெல்லாம் சைஃப் அந்த மூடியைத்தான் கழற்றித் துடைப்பான், நான் பக்கத்தில் நின்று எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். உள்ளே ஈரம் போனால் பொறி பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே செத்துவிடும். அத்தை ஊற்றியது நேரே அதன் மேல்தான். ஆனால் எப்படிச் சொல்வது. மைனி, உங்கள் பூஜைத் தண்ணீர்தான் வண்டியைக் கெடுத்தது என்று நல்ல நாளில் சொல்ல என்னால் ஆகுமா. சுண்டலை எல்லோருக்கும் கொடுக்கப் போய்விட்டேன். இன்னொரு கணக்கும் மனதில் ஓடியது, அதையும் உன்னிடம் சொல்கிறேன். துடைத்து வைத்தால் வண்டி ஓடும், கிருஷ்ணா வாங்கிக்கொண்டு போய்விடுவார். துடைக்காவிட்டால் பங்கார்க்காரன் உடைத்துப் போடுவான். எப்படியும் எனக்கு இல்லை. சரி, இருக்கிற இரண்டில் உயிரோடு போவது மேல் என்று தோன்றியது. மத்தியானம் அப்பாவும் அத்தையும் சாப்பிட்டுப் படுத்ததும் பழைய துப்பட்டாவை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வண்டி பூட்டாமல்தான் கிடந்தது, பானெட்டைத் திறந்தேன். வயரைப் பிடுங்கவில்லை, இடம் மாறிவிட்டால் இஞ்சின் இருமும். கிளிப்பை நெம்பி மூடியை மட்டும் தூக்கினேன். உள்ளே மஞ்சள் கோலமே போட்டிருந்தது. துடைத்து, விசிறி, மறுபடி துடைத்து மாட்டினேன். சாவி சாமி முன்னால், சரியாயிற்றா என்று பார்க்க வழியில்லை. கை கழுவியும் நகக்கண்ணில் கறுப்பு போகவே இல்லை.

காலையில் கிருஷ்ணா வந்தார், நல்ல மனிதர். அப்பா முருகா என்று முனகிக்கொண்டே சாவியைத் திருகினார், முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது. பழம் நான்கும் சட்டென்று நசுங்க, அத்தை பெருமையாக என்னைப் பார்த்தாள். ஒரு சுற்றுப் போய் வந்து இருவரும் மேலே வந்தார்கள். கிருஷ்ணா, "அண்ணாச்சி, எனக்கில்ல, என் வீட்டம்மா டிரைவிங் கத்துக்கிறா. பழசுன்னா பயமில்லாம ஓட்டுவா, இடிச்சாலும் டென்ஷன் இல்ல" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே, லைசென்ஸ் கிடைத்துவிட்டதா என்று கேட்டார். அடுத்த மாதம் டெஸ்ட் என்றார் அவர். "எங்க வீட்டுல எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு" என்று அப்பா பெருமையாகச் சொன்னார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது போலிருந்தது. நான் டீ கொடுத்தேன். கப்பை வாங்கும்போது அப்பா என் நகத்தைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. டீ குடித்து முடித்ததும், "தப்பா நெனைக்காதீய தம்பி. பூசை போட்ட வண்டிய இந்த வருசம் குடுக்கக் கூடாதுன்னு எங்க அக்கா சொல்லுதா" என்றார். அத்தை அப்படி ஒன்றும் சொல்லவே இல்லை. ஆனால் ஒரு கணம் விழித்துவிட்டு, "ஆமா, குடுக்கவே கூடாது" என்று அழுத்தமாகத் தலையாட்டினாள். கிருஷ்ணா சிரித்துக்கொண்டே எழுந்துபோனார்.

அப்புறம் அப்பா தாராவிப் பட்டறையைத் திறக்கப் புறப்பட்டார். செருப்பை மாட்டிக்கொண்டே, அக்காவைப் பாண்டுப்பில் விட்டுவிட்டு வா என்று சாவியை டீவி மேல் வைத்துவிட்டுப் போனார். என் கையில் தரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். ஹைவேயில் ஏறியதும் அத்தைக்கு அவர் போன், கொஞ்ச தூரத்தில் இன்னொரு போன். விக்ரோலி சிக்னலில் வண்டி அணைந்துவிட்டது. பின்னால் ஒரே ஹாரன், ஒரு ரிக்‌ஷாக்காரர் எட்டிப் பார்த்து "மேடம், தக்கா மாரூ?" என்று தள்ளிவிடக் கேட்கிறார், எனக்குக் கழுத்தெல்லாம் வேர்வை. அந்த நேரம் பார்த்து மறுபடி அப்பா. அத்தை நிதானமாக எடுத்து, "ஏல கணேசா, வண்டி ஜம்முனு போவுது. அவ நல்லாத்தான் ஓட்டுதா. சும்மா சும்மா போன் போட்டு அவ புத்தியக் கலைக்காத" என்று வைத்துவிட்டு, "நீ மெதுவா ஸ்டார்ட் பண்ணுட்டி செல்வி, நமக்கு என்ன அவசரம்" என்றாள். சோக்கைக் கொஞ்சம் இழுத்துத் திருகினேன். வந்துவிட்டது.

புதுக் கார் வேண்டாம் என்று அப்பா உன்னிடம் தானாகச் சொல்லமாட்டார், மகள் ஆசையாகச் சொன்னதைத் தட்டியதாக ஆகிவிடும். அதனால் இந்தக் கடிதம் கிடைத்த பிறகு பேசும்போது நீயே, இப்போதைக்கு வேண்டாம் அப்பா என்று சொல்லிவிடு. மஞ்சள் தண்ணீர் விஷயம் அத்தை காதுக்குப் போக வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. முருகன் துணையோடு நீண்ட ஆயுளும் நிறைந்த மனதுமாக நீ இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
க. மாரிசெல்வி