நோன்பில்லாமல் டீயை விட்டவனுக்கு

என் அருமைத் துரோகி செல்வராசு மாப்ளைக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் நலத்தைப் பற்றி நீ யாரிடம் சொல்வாய், யாரிடம் மறைப்பாய் என்பது இப்போது எனக்கு நன்றாகவே தெரியும். இங்கே சம்பா நடவு நடக்கிறது. வயற்காட்டு மோட்டாரெல்லாம் கருகிப்போய் என் கடை வாசலில் வரிசையாகக் கிடக்கிறது. செப்புக் கம்பியில் காயில் கட்டக் கை ஓடவில்லை. உன்மேல் இருக்கிற கோபத்தில் நேற்று ஒரு மோட்டாருக்குக் கனெக்‌ஷனை மாற்றிக் கொடுத்துவிட்டேன். அது பின்பக்கமாகச் சுற்றியது. பட்டறையே சிரித்தது.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். நீ யாருடைய கூட்டாளி? எனக்கா, அந்த நியூசிலாந்துப் பையனுக்கா? அறுபது தாண்டிய ஒருவன் இருபது வயசுப் பையன்மேல் பொறாமைப்படுகிறான் என்று படிக்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். எரிகிற வயிறு என்னுடையது.

அவன் வந்து சேர்ந்த நாளை மறக்க முடியுமா? தஞ்சாவூர் ரோட்டில் உன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தேன். சாலையோரத்தில் ஒரு பசு கன்று போட முடியாமல் படுத்துக் கிடந்தது. நீ கால்நடை ஆய்வாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ நாளாகியும், மாட்டுக்காரர் உன்னைப் பார்த்ததும் கும்பிட்டுக்கொண்டு ஓடி வந்தார். நீ சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தாய். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் பஞ்சராகி நின்ற பஸ்ஸிலிருந்து இரண்டு பையன்கள் இறங்கி வந்தார்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பேட்ஜ். ஒருவன் நம்ம பக்கத்து நிறம். இன்னொருவன் வெள்ளைக்காரன், பனைமர உயரம்.

"பின்னங்கால் முன்னாடி வருது. ஒரு கை புடிடா காதரு" என்றாய். ரத்தம் என்றால் எனக்குத் தலை சுற்றும் என்று உனக்குத் தெரியாதா? நான் யோசித்து முடிப்பதற்குள் அந்த நெட்டையன் டையைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு மண்ணில் மண்டி போட்டுவிட்டான். "எங்க அப்பா பால் பண்ணை" என்று தமிழில் சொன்னான். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தீர்கள். கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. உடம்பெல்லாம் ஈரத்தோடு அவனைக் கட்டிப்பிடித்து, "எமகாதகன்டா நீ!" என்றாய். நான் அவனுடைய டையைப் பிடித்துக்கொண்டு கொடிக்கம்பு மாதிரி நின்றிருந்தேன்.

அன்றைக்குப் பிடித்தது சனி. மார்மன் சபைக்காரர்கள், ஏசுவைக் கும்பிடுகிறவர்கள் என்றாய். ஊழியத்துக்காக இரண்டு வருஷம் வீட்டை விட்டு வந்த பிள்ளைகள், தஞ்சாவூரில் மாடி வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார்கள் என்றாய். நெட்டையன் பேர் எல்டர் பார்க்கர். கூட இருந்தவன் ராஜமுந்திரிக்காரன், எல்டர் பிரசாத். எல்டர் என்றால் பெரியவர் என்று அர்த்தமாம். மீசையே சரியாக முளைக்கவில்லை, இவர்கள் பெரியவர்களாம்! அப்படியென்றால் நான் யார் என்று கேட்டேன். "நீ கெழவன்" என்றாய்.

அப்புறம் நாலு மணிக்குக் கணேசன் டீக்கடை பெஞ்சில் வேறு பேச்சே கிடையாது. "ஆறரைக்கெல்லாம் எந்திரிச்சுடுறான்டா. படிப்பு, ஜெபம், அப்புறம் தமிழ் எழுத்துப் பழகுறான். சினிமா கெடையாது, டிவி கெடையாது, பொம்பளப் புள்ளைங்கள ஏறெடுத்துப் பாக்கக் கூடாது. ரெண்டு பேரும் ஒருத்தர விட்டு ஒருத்தர் பிரியக் கூடாதாம், கடைக்குப் போனாலும் ஒண்ணாத்தான் போவணுமாம்." நீ சொல்லச் சொல்ல எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாம் மட்டும் என்ன பிரிந்தா இருந்தோம்? ஒன்றாம் வகுப்பிலிருந்து நமக்கு யார் சட்டம் போட்டார்கள்?

திங்கட்கிழமை அவர்களுக்கு ஓய்வு. துணி துவைக்க, கிரிக்கெட் ஆட, வீட்டுக்குப் போன் பேச. அந்த ஓய்வு நாளில் பார்க்கர் பிரசாத்தையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறி ஒரத்தநாட்டுக்கு, உன் மாட்டுக் கொட்டகைக்கு வந்து நின்றான். பால் கறந்தான், சாணி அள்ளினான். செல்போனை நீட்டி உன் செவலைப் பசுவை அவன் அம்மாவுக்குக் காட்டினான். உன்னையும் காட்டினான். நீ பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாய். வெளியூரில் இருக்கிற என் மகளோடு வீடியோவில் ஒரு வார்த்தை பேசச் சொன்னால் மட்டும் கூச்சமாக இருக்கிறது என்பாய்.

சாமி பேச்சு பேசுவான் என்று காத்திருந்தேன், பேசினால் பிடித்துக்கொள்ளலாம் என்று. கேட்டால்தான் சொல்வான். நீ ஒரு தடவை கேட்டாய். அவன் பாதி சொல்லும்போதே மாட்டுக்கு மடிவீக்கம் என்று எழுந்து போனாய். நீ ஆடி மாசம் பிடாரிக்குப் பொங்கல் வைக்கிறவன், அதை வைக்க வேண்டாமென்று அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவனைத் திட்ட எனக்கு ஒரு காரணமும் கிடைக்காததுதான் பெரிய எரிச்சல்.

அந்தக் காரணத்தையும் நீயே கொடுத்தாய். ஒரு நாள் கணேசன் டீயை நீட்டினான், நீ வேண்டாம் என்றாய்.

"அவங்க டீ, காப்பி எதையும் தொட மாட்டாங்கடா. புள்ளைய எதிர்ல வச்சுக்கிட்டு நான் மட்டும் உறிஞ்சுறதான்னு விட்டுட்டேன்."

"இப்ப எதிர்ல அவனா ஒக்காந்திருக்கான்? நான்தானடா ஒக்காந்திருக்கேன்!"

"பழகிருச்சு, விடு."

"எப்படிடா விடுறது? நோன்பு மாசம் முழுக்க எச்சிலக்கூட யோசிச்சு முழுங்குறேன். நீ என் மூஞ்சிக்கு நேரா கிளாஸத் தூக்கி, 'ஆவி பறக்குது மாப்ள, மோந்து பாத்துக்க'ம்பே. எனக்காக ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீ டீய விட்டிருக்கியா? நேத்து வந்தவனுக்கு விட்டுட்டியா?"

கணேசன் அடுப்பைத் தணித்துவிட்டு வேடிக்கை பார்த்தான். நீ சிரித்தாய். அதற்குப் பிறகும் தினம் நாலு மணிக்கு வந்தாய். வெறும் வாயோடு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாய். நான் தினம் திட்டினேன், நீ தினம் பதிலுக்குத் திட்டினாய்.

வாரத்துக்கு இரண்டு நாள் தஞ்சாவூருக்குப் போக ஆரம்பித்தாய். கேட்டால், பையன்கள் இலவசமாக இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறார்கள் என்றாய். "மாட்டுக்கு இங்கிலீஷ்ல ஊசி போடப் போறியா?" என்று கேட்டேன். கத்திரி வெயிலில் வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வந்தாய். அவனைப் பார்த்துக் கோலம் மாறிவிட்டாய் என்றேன். இளைத்தாய். மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சாப்பிடாமல் இருப்பார்களாமே, அதையும் பிடித்துக்கொண்டாயா என்றேன். "ஆமா, உனக்கென்ன?" என்றாய். ஊரில் நீ மதம் மாறிவிட்டதாகப் பேச்சு. அதற்கும் நீ இல்லையென்று சொல்லவில்லை. அடப்பாவி, எத்தனை பொய்யை எவ்வளவு அழகாக என்னை வைத்தே சொல்லவைத்தாய்!

பிறகு ஒரு விடியலில் மலர் போன் பண்ணினாள். உன் பெண்டாட்டி என்றாலும் எனக்கு அவள் தங்கச்சிதான். "அண்ணே, வந்துருங்கண்ணே" என்பதற்குமேல் அவளால் பேச முடியவில்லை.

பாடைக்கு முன்பக்கம் நான் தோள் கொடுத்தேன். பின்பக்கம் அந்த நெட்டையன் வந்து நின்றான். அவன் உயரத்துக்கு நீ என் பக்கமாகச் சரிந்தாய். யாரோ அவனை விலகச் சொன்னார்கள். அவன் விலகவில்லை. முழங்காலை மடக்கி, குனிந்து, சுடுகாடு வரைக்கும் அப்படியே நடந்து வந்தான். அன்றைக்கு அவன்மேல் இருந்த பொறாமை கொஞ்சம் இறங்கியது என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மலர் அதை மறுபடி ஏற்றிவிட்டாள்.

காரியம் முடிந்த அன்று, பந்தல் பிரித்துக்கொண்டிருக்கும்போது என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அவருக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சுன்னு டாக்டரு சொல்லி வருசமாச்சு. தண்ணியே அளந்துதான் குடிக்கணும்னாங்க. டீய விட்டது அதனாலதான். வாரம் ரெண்டு நாள் ஆஸ்பத்திரில டயாலிசிஸ். கையில ஊசி குத்துன வீக்கம் தெரியக் கூடாதுன்னுதான் முழுக்கை. அந்தப் புள்ளைங்கதான் கூடவே ஒக்காந்திருக்கும். உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

உங்ககிட்ட மட்டும். அந்த 'மட்டும்' எனக்கு இன்னும் செரிக்கவில்லை. மருந்துக்கடைக்காரனுக்குத் தெரியும். ராஜமுந்திரிப் பையனுக்குத் தெரியும். கடல் கடந்து வந்தவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது! நான் ஊசிக்குப் பயந்தவன் என்றா? ரத்தம் பார்த்தால் விழுந்துவிடுவேன் என்றா? விழுந்தால் என்னடா, அதே ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் போட்டிருப்பார்களே!

போன திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டுத் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். அவர்கள் மாடிக்குப் போனேன். பார்க்கர் வாளியில் சட்டைகளை முக்கிக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிரசாத் அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தான். இரண்டு கட்டில், இரண்டு மேசை, சுவரில் ஒரு ஏசு படம், கொடி முழுக்க வெள்ளைச் சட்டை. பார்க்கரின் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. அடுத்த வாரம் ஊருக்குப் போகிறானாம், இரண்டு வருஷம் முடிந்துவிட்டது.

"வாங்க காதர் பாய், ஒக்காருங்க" என்றான். உட்காரவில்லை.

"அவன் ஏன் ஒன்கிட்ட சொன்னான்? ஏன் என்கிட்ட சொல்லல? அத மட்டும் சொல்லு."

நுரைக் கையோடு எழுந்து நின்றான். நுரையை உதறினான். பிறகு உன் குரலிலேயே, உன் இழுப்போடு சொன்னான். அந்த இழுப்பையும் அவனுக்குக் கொடுத்திருக்கிறாய்.

"அவரு சொன்னாரு. 'நீ போயிடுற ஆளு தம்பி. போற ஆளுகிட்ட சொல்றது லேசு. காதரு இருக்குற ஆளு. அவனுக்குத் தெரிஞ்சா என்கூட சண்ட போட மாட்டான், பாவமாப் பாப்பான். வூட்ல மலரு அப்படிப் பாக்குறா. ஆஸ்பத்திரில நர்ஸு பாக்குது. நீயும்தான் பாக்குற. நாலு மணிக்கு அந்தப் பெஞ்சுல மட்டும்தான் நான் சீக்காளி இல்ல.' அப்படின்னாரு."

அப்போதுதான் உட்கார்ந்தேன். வாளிக்குப் பக்கத்தில், ஈரத் தரையில். பிரசாத் ஓடிவந்து நாற்காலி போட்டான். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். வேட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன் மாப்ள. அந்த இரண்டு பிள்ளைகளும் என்ன செய்வதென்று தெரியாமல் எனக்கு இரண்டு பக்கமும் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

ஆறுதலாக இருந்ததா என்று கேட்கிறாயா? இருந்தது. போதவில்லை. தெரிந்திருந்தாலும் நான் சண்டை போட்டிருப்பேனே, எனக்கு நடிக்கத் தெரியாதா? சரி, தெரியாதுதான். முதல் நாளே உன் கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலேயே ஒப்பாரி வைத்திருப்பேன். அதற்காகச் சொல்லாமலே போய்விடுவதா?

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பார்க்கர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "காதர் பாய், ஒண்ணு கேக்கலாமா?" என்றான். "எனக்குத் தெரிஞ்சது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்திருந்த செல்வராசுதான். கன்னு இழுத்த அன்னைக்குப் பாத்தேன், கொஞ்ச நாளு பாத்தேன். அவ்வளவுதான். நீங்க அம்பது வருசம் பாத்திருக்கீங்க. நல்லா இருந்தப்போ எப்படி இருந்தாரு? அவருகிட்ட கேட்டா, 'அதெல்லாம் காதரு கணக்கு, அவன்கிட்ட கேளு'ம்பாரு."

அவன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரியும். ஒரு வருஷமாகச் சவரம் பண்ணும்போதெல்லாம் கண்ணாடியில் பார்த்த முகம்தான் அது. வயிறு எரிகிற முகம். என்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு அந்தப் பையன் உட்கார்ந்திருக்கிறான், செல்வராசு! என்னைப் பார்த்து!

ஒன்று சொன்னேன். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகில் போகும்போது, தூண்டிலில் கொடுவா மீன் மாட்டிவிட்டது என்று நீ எழுந்து குதித்து, சேற்றில் விழுந்து, உன் வேட்டி மட்டும் நீரோட்டத்தில் மிதந்து போனதே, அந்தக் கதை. இடுப்பில் அலையாத்தித் தழையைக் கட்டிக்கொண்டு நீ பஸ் ஸ்டாண்டு வரை நடந்ததைச் சொன்னபோது பிரசாத் புரண்டு சிரித்தான். பார்க்கர் சிரித்து, அழுது, மறுபடி சிரித்தான். "இன்னொண்ணு சொல்லுங்க பாய், இன்னொண்ணு" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். அதற்குப் பிறகும் பஸ் நிறைய இருந்தது. இன்னொரு கதையைக் கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். நல்ல பிள்ளை, எனக்குத் தெரியும். அவன் நல்லபடியாக ஊர் போய்ச் சேர துஆ செய்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் கட்டிலில் கிடந்த உன்னை அவன் எடுத்துக்கொண்டு போகிறான். மிச்சமும் கேட்டால் எப்படி? மிச்சம் என்னுடையது.

என் கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்றால், பாதி கிடைத்தது. பாதிக்கு உன்னிடம் நேரில்தான் வர வேண்டும். அங்கே உங்க சாமி இருக்கிறதோ, எங்க அல்லாஹ் இருக்கிறானோ, அந்தப் பையனுடைய ஏசு இருக்கிறாரோ, யார் இருந்தாலும் அவர்கள் எதிரிலேயே உன் சட்டையைப் பிடிப்பேன். ஏன்டா சொல்லல என்று தொண்டை கிழியக் கேட்பேன். பாவமாக மட்டும் பார்க்க மாட்டேன். இது சத்தியம்.

உன் மாப்ள,
காதர்