ஒற்றை ஆள் விமானமும் நாற்பத்தெட்டு கிலோவும்

1981 ஏப்ரல் 5, ஞாயிறு

இன்று பதினாலாவது முறை பறந்தேன். என் வீட்டுக்காரர் லெனர்ட் வயலோரத்தில் ஸ்டாப் வாட்சும் நோட்டுமாக நின்றார். இறங்கி என்ஜினை அணைப்பதற்குள் முதல் கேள்வி: நிமிஷத்துக்கு எத்தனை அடி ஏறியது? இருநூற்று நாற்பது என்றேன். எழுதிக்கொண்டார். பெண்டாட்டி முழுசாக வந்து சேர்ந்தாளா என்பதற்கு அந்த நோட்டில் கட்டம் கிடையாது.

விமானம் என்பதே கொஞ்சம் அதிகம்தான். அலுமினியக் குழாய், துணி இறக்கை, இழுத்துக் கட்டிய கம்பிகள், முதுகுக்குப் பின்னால் ஒரு குட்டி என்ஜின், ஒரே ஓர் இருக்கை. மொத்தம் தொண்ணூற்றொரு கிலோ. மூன்று குளிர்காலமாக எங்கள் கராஜில் கிடந்து என் வீட்டுக்காரர் கட்டியது. கட்டியவர் இதுவரை அதில் தரையைவிட்டு எழுந்ததில்லை. சோதனைக்கு லேசான ஆள் வேண்டும் என்று முதல் நாள் என்னை உட்கார வைத்தார். அப்புறம் நான் இடத்தை விடவில்லை.

ஏப்ரல் 13

வாங்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் விவரத் தாள் அச்சாகி வந்தது. புறப்பட நாற்பது கஜம் போதும், இத்தனை வேகத்தில் ஏறும், இருபத்திரண்டு மைல் வேகத்திலும் விழாமல் மிதக்கும் — எல்லாம் இருக்கிறது. ஓட்டியவர் எடை மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"நாலு பேர் பாக்கற தாள்ல பொண்டாட்டியோட எடையைப் போடறதா? நல்லாவா இருக்கும், பெரில்?"

நல்லா இருக்காது என்றுதான் எனக்கும் பட்டது. இப்போது அதுதான் எரிச்சலாக இருக்கிறது. என் எடையை எடுத்துவிட்டால் அந்த எண்களெல்லாம் யாருடையவை?

ஏப்ரல் 28, செவ்வாய்

முதல் வாடிக்கையாளர் வந்தார். மிஸ்டர் ஓர்மராட், பன்றிப் பண்ணை வைத்திருக்கிறார். எங்கள் வாசலில் பக்கவாட்டாக நுழைந்தார். நல்ல மனுஷர். முன்பு கிளைடர் என்கிற என்ஜின் இல்லாத விமானம் ஓட்டியிருக்கிறாராம். வரும் சனிக்கிழமை தானே ஓட்டிப் பார்க்கிறேன் என்கிறார். லெனர்ட் தாளை வரி வரியாக வாசித்துக் காட்டினார், ஏதோ வேதம் மாதிரி.

என்னால் முடிந்தவரை முயன்றேன். "நான் கொஞ்சம் எடை கம்மிங்க, மிஸ்டர் ஓர்மராட்."

"அப்படியெல்லாம் நினைக்காதீங்க, மிஸஸ் ஹாக்ஸ்பி. அளவாத்தான் இருக்கீங்க" என்று கேக் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். ஐம்பத்திரண்டு வயதில் அந்நிய ஆணிடம் போய் கிலோ கணக்கு சொல்வதா? ஒரு மனுஷன் கழுத்தை முறித்துக்கொள்ளப் போகிறான், நான் மரியாதையாகக் கேக் தின்கிறேன். வெட்கக்கேடு.

ஏப்ரல் 30

ஓர்மராட் நூறு கிலோவாவது இருப்பார் என்று லெனர்டிடம் சொன்னேன். கணக்கில் அதற்கெல்லாம் இடம் விட்டிருக்கிறாராம். எவ்வளவு என்றேன். பென்சிலைத் தேடப் போய்விட்டார்.

மே 2, சனி

காற்றே இல்லை. புல்லெல்லாம் ஈரம். ஓர்மராட் இருக்கையில் உட்கார்ந்தார். இடுப்பு வார் எட்டவில்லை. புதுசாகத் துளை போட லெனர்ட் ஆணி தேடினார். ஆணி! எனக்குத் தாங்கவில்லை.

"நாப்பத்தெட்டு கிலோ" என்றேன். "தாள்ல இருக்கறதெல்லாம் என் எடைக்கு. நீங்க எவ்வளவு?"

அவர் புல்லைப் பார்த்தார். "தொண்ணூத்தேழு" என்றார், டாக்டரிடம் சொல்கிற குரலில். பிறகு மெதுவாக இறங்கினார். ஆண்களுக்கும் கூச்சம் இருக்கிறது.

லெனர்டுக்கு முகம் செக்கச் சிவந்துபோச்சு. "நான் எண்பத்தினாலு. நான் காட்டறேன்" என்று ஏறி உட்கார்ந்தார். வேண்டாம் லென், இறங்குங்க, இறங்குங்கன்னு கெஞ்சினேன். கேட்டாத்தானே! பாதி வயல் போச்சு, முக்கால் போச்சு — சக்கரம் எழும்பலை. கடைசியில் இரண்டடி எழும்பியது. வேலி நாலடி.

வேலிக்குள் போய் நின்றது. எனக்கு முன்னால் ஓடிப்போய்த் தூக்கியவர் ஓர்மராட்தான். லெனர்டுக்கு வலது காறை எலும்பு முறிவு, வேறொன்றுமில்லை. அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: "இறக்கை தாங்கிச்சு." ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். விடாமல் அழுதேன்.

மே 4

ஆஸ்பத்திரி. லெனர்ட் ஜன்னலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு, "வேலிக்கு அந்தப் பக்கம் மேலேருந்து பாத்தா என்ன தெரியும்?" என்றார்.

மூன்று வருஷத்தில் எண் இல்லாத முதல் கேள்வி. சொன்னேன். தேவாலயக் கூரையில் இரண்டு ஓடு இல்லை, பாதிரியாருக்கே தெரியாது. செம்மறியாடுகள் தலையைக்கூடத் தூக்காது. ஆறு திரும்புகிற இடத்தில் தண்ணீர் வெள்ளையாக இருக்கும், அங்கே போனதும் என்ஜின் சத்தம் மறந்துபோகும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்று நிறுத்தினேன்.

"அப்புறம்?" என்றார்.

மே 12

பழைய தாள்கள் அடுப்புக்குப் போயின. அவர் கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்குவதால் புதியதை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "ஓட்டியவர்: திருமதி பெரில் ஹாக்ஸ்பி, 48 கிலோ." அதன் கீழே: "84 கிலோ எடையுடன் புறப்படத் தேவையான தூரம்: வயல் போதவில்லை." குரல் கொஞ்சமும் மாறாமல் சொன்னார்.

மே 19

இறக்கையைப் பெரிதாக்கினால் அவரும் பறக்கலாமே என்றேன். பெரிதாக்கினால் என் எடைக்கு அது காற்றில் காகிதம் மாதிரி அலைபாயும், ஒழுங்காகப் பறக்கிறதைக் கெடுக்க மாட்டேன் என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

மே 20

காலையில் டீயில் சர்க்கரை வேண்டாம் என்றார். வெண்ணெயையும் தொடவில்லை. எடை பார்க்கும் மெஷினைத் தூசி தட்டி அவர் கட்டிலோரம் வைத்தேன்.