டிராயரில் கிடந்த பேட்ஜ்

செவ்வாய், இரவு.

டாக்டர் இறந்து ஒரு மாதம். எங்கள் ஆஸ்பத்திரியில் இதய ரத்தக்குழாய்களைச் சோதிக்கும் கேத் லேப்பில் எக்ஸ்ரே ஓட ஓட இருபது வருஷம் ஆஞ்சியோ செய்தவர். இன்று அவர் மனைவி பொழிச்சலூரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருந்தார்.

“பிளட் கேன்சர் இந்த எக்ஸ்ரேயாலதான் வந்துச்சா தம்பி? இவர் ஜாக்கிரதையா இருக்கலையா?”

அந்த லேப்பின் டெக்னீஷியன் நான். டாக்டர் உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்க அவருக்குக் கொடுத்திருந்த பேட்ஜின் ரிப்போர்ட்டுகளை நீட்டினேன். எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட பூஜ்யம்.

“அப்போ ஜாக்கிரதையாத்தான் இருந்திருக்கார்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அளவு ஏறினால் ஆஞ்சியோ செய்ய விடமாட்டார்கள் என்று, லேப்புக்குள் போகும்முன் டாக்டர் தினமும் பேட்ஜைக் கழற்றி என்னிடம்தான் கொடுப்பார். டிராயரில் போட்டு மூடுவது நான்.

மகளிடம் காட்ட ரிப்போர்ட்டுகளின் நகல் கேட்டார் அந்த அம்மா. எல்லாப் பக்கங்களையும் எடுத்துக் கொடுத்தேன்.