புளி மூட்டையும் நூற்று நாற்பது குதிரையும்

ஞாயிறு, இரவு.

ஜவ்வாது மலை சாட்சியாகச் சொல்கிறேன், இந்தக் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை.

அக்கா மகன் சேகர் தன் பழைய காருக்கு டர்போ மாட்டினான். “எழுபது குதிரை இன்ஜின், மாமா. இப்ப ரெண்டு மடங்கு காத்து உள்ள போவுது. அப்போ நூத்தி நாப்பது.”

“இன்னாடா கணக்கு? புளி மூட்டை ஏத்தினு மலை ஏறட்டும், நம்பறேன்” என்றேன்.

ஏறினோம். மூன்றாம் வளைவில் இன்ஜின் வெடித்தது. உள்ளே பிஸ்டனோடு ஓடும் இரும்பு ராடு பானெட்டைக் கிழித்து, முன்கண்ணாடியை நொறுக்கி, பாறையைப் பிளந்து, போளூரில் ரயிலையே நிறுத்தியது. காட்டுப்பன்றிகள் கணியம்பாடிக்குக் குடிபெயர்ந்தன.

“கணக்கு சரிதான் மாமா. ராடுதான் பழசு, தாங்கல” என்று சிரித்தான்.

ரயில் பொய். பாறையும் பன்றியும் பொய். அவன் கழுத்தில் குத்தி நின்ற கண்ணாடிச் சில்லை என் விரலால் பிடுங்கினேனே, அது மட்டும் நிஜம்.