ஹீலர் வேலையை விடுகிறேன்

அண்ணே,

"உனக்கு எந்த ஆளு வேணும்? வீரனா, மந்திரவாதியா, வில்லாளியா?" என்று அன்று உன் கேமைக் காட்டிக் கேட்டாய். நான் வாய் திறப்பதற்குள், "நீ ஹீலர்தான். பின்னால நின்னு எங்களுக்கு உசிரு ஏத்து" என்று நீயே அமுக்கிவிட்டாய். நீ மட்டும் சலித்தபோதெல்லாம் ஆளை மாற்றிக்கொண்டாய்.

பத்தாவதை மறுபடி எழுத, கொடைக்கானலில் டியூஷன் சேரப் போகிறேன். சித்தி வீட்டில் தங்குவேன்.

ரசம் அடுப்படியில் இருக்கிறது. மழை வந்தால் வாசலில் காயும் பூண்டை உள்ளே அள்ளிப் போடு. என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு நீயே டீ போட்டுக் கொடு. உனக்குத்தான் எல்லா வேடமும் பொருந்துமே.

உன் சார்ஜர் அரிசிப் பானைக்குள். கோபத்தில் ஒளித்தேன்.

அப்பாவிடம் இன்று காலை வெள்ளனே சொல்லிவிட்டேன். சரி என்றோ கூடாது என்றோ சொல்வாரென்று நின்றேன். ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும் லாரியில் ஏறிப் போய்விட்டார்.