கிம்ச்சி டப்பாவுக்குள் கைபேசிகள்

ஏப்ரல் 2, ஞாயிறு

நாளை காலை முதல் எங்கள் வீட்டில் டிவியும் இணையமும் கிடையாது. தகவல்: எங்கள் தேவாலயச் சபையின் வாரத்தாள், கடைசிப் பக்கம். ஈஸ்டருக்கு முந்தைய பாடுகளின் வாரத்தில் ‘திரை உபவாசம்’ இருக்கப்போகும் குடும்பங்களில் முதல் பெயர் சபைப் பொறுப்பில் இருக்கும் என் கணவருடையது: டீக்கன் கு போன்சிக். பத்திரிகைக்காக ஊர்ச் செய்தியெல்லாம் சேகரித்தே தலை நரைத்தவள் நான். என் வீட்டுச் செய்தியை அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

மகள் யேதாமிடம் யாராவது கேட்டார்களா?

ஏப்ரல் 3, திங்கள்

டிவிக்கு ஊதாத் துணி. ரவுட்டர் அலமாரிக்குள். என் கைபேசியும் யேதாமின் கைபேசியும் கிம்ச்சி ஊறுகாய் டப்பாவில், மேலே ரிப்பன். அவருடையது மட்டும் வெளியே. துணி போட்ட டிவியைத் தினமும் படமெடுத்து சபையின் வட்டார அரட்டைக் குழுவில் அனுப்ப வேண்டுமாம், உபவாசத்துக்கு அத்தாட்சியாக.

எனக்கு அலுவலகம் இருக்கிறது. யேதாமுக்கு? பிறந்ததிலிருந்து காது கேட்காத பெண். பள்ளியில் சைகை மொழி தெரிந்தவர் ஒருவரும் இல்லை. என்னை விட்டால், மாலையில் டேஜோன் நகரில் இருக்கும் தோழி ஹேஜுவோடு வீடியோவில் கையால் பேசுவதுதான் அவளுடைய பேச்சு.

கல்லூரி நுழைவுத் தேர்வுப் பாடங்களுக்குச் சபை விலக்கு தந்திருக்கிறது. அதற்கு மட்டும் ரவுட்டரைப் போட்டுத் தருவாராம். பாடம் என்றால் தேவை, பேச்சு என்றால் பொழுதுபோக்கு. யார் வகுத்தது இதை?

ஏப்ரல் 4, செவ்வாய்

அவரிடமே கேட்டுவிட்டேன்.

“ஒரு வாரம்தானே, யேதாம் அம்மா. ஆண்டவர் பட்ட பாட்டுக்கு இதெல்லாம் ஒரு பாடா?”

“சிலுவைல தொங்கிக்கிட்டே அவரு ஏழு தடவ பேசினாரு. எம் பொண்ணு ஒரு தடவ பேசக் கூடாதா?”

டிவியைப் படமெடுக்கப் போய்விட்டார்.

ஏப்ரல் 5, புதன்

டப்பாவைத் திறந்து கைபேசியை நீட்டினேன். யேதாம் வாங்கவில்லை. அப்பாவே எடுத்துத் தரட்டும் என்கிறாள். யாருடைய பிடிவாதம் இது?

ஏப்ரல் 6, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வட்டார ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும். யேதாமின் முறை வந்தபோது நான் சமையலறை வாசலில் பேரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கையால் சொன்னாள். என் கணவர் எடுத்துச் சொன்னார்: “இந்த வாரம் கிடைச்ச அமைதிக்காக நன்றி சொல்றா.” எல்லாரும் ஆமென்.

கத்தியோடு உள்ளே போனேன்.

“அவ அதச் சொல்லல. ‘அப்பா ஃபோன் மட்டும் ஏன் டப்பாவுல இல்ல?’னு கேட்டா.”

மூத்த ஊழியக்காரி ஓக் அம்மா மட்டும் வாயைத் திறந்தார். “நியாயமாத்தானே கேக்குறா, டீக்கன். தினமும் மொதப் படம் உங்களோடதுதான்.”

எல்லாரும் போன பிறகு, ஏன் பொய் சொன்னீர்கள் என்றேன்.

“பொய் இல்ல. புரியல. புரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்.”

சாப்பிட்டியா, தூங்கு, பள்ளிக்கூடம். அவருக்குத் தெரிந்த சைகை அவ்வளவுதானாம். மற்றதெல்லாம் அவளுக்குக் கைபேசியில் எழுதி அனுப்புவாராம். நான் இரவுப் பணியில் இருந்த வருடங்களெல்லாம் அப்படித்தான்.

“அப்ப திங்கக்கிழமைலேர்ந்து அவகிட்ட என்ன பேசினீங்க?”

யோசித்தார். அப்போதுதான் யோசித்தார்.

பொய்யாக இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

ஏப்ரல் 7, வெள்ளி

டப்பாவில் இப்போது அவருடைய கைபேசி. யேதாமுடையதை அவரே எடுத்துப் போய் அவள் மேஜையில் வைத்தார். ரவுட்டரில் பச்சை விளக்கு.

ஏப்ரல் 8, சனி

டிவியின் மேல் துணி இருக்கிறது. எனக்குக் கோபமும் இருக்கிறது.

‘எனக்குச் சொல்லித் தருவாயா?’ என்பதற்குச் சைகை என்ன என்று காலையில் என்னிடம் கேட்டார். ஒரு முறை காட்டினேன். இரண்டாம் முறை காட்ட மனம் வரவில்லை. யேதாமின் எதிரே உட்கார்ந்து விரல் தடுமாற அதைச் செய்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

யோசிக்க வேண்டும், நாளை ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும் சொல்கிறேன் என்று கையால் பதில் சொன்னாள்.

அது அவருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் எடுத்துச் சொல்லவில்லை. அவளிடமே கேட்கட்டும்.